வீட்டில் விழுந்தது

முழங்கால் காயங்கள் வைஜெயந்திக்கு அத்துப்படி. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் அவள் சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் எங்கோ ஒரு குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால், அந்த ஊர் டாக்டர் எழுதிய குறிப்பு மறுநாள் பெருங்குடியில் அவள் திரைக்கு வந்துவிடும். வலது முட்டியா, இடதா? தோல் உரிந்ததா, கிழிந்ததா, கன்றிப்போனதா? முதல்முறை காட்ட வந்ததா, கட்டுப் பிரிக்க வந்ததா? எப்படி விழுந்தது, எங்கே விழுந்தது? ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ உண்டு. டாக்டர் எழுதாததை ஊகித்துப் போடக் கூடாது, தெரியாவிட்டால் தெரியாது என்றே போட வேண்டும் என்பதுதான் அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். ஒருநாள்கூட அவள் அதை மீறியதில்லை. முகமே தெரியாதவர்களின் ஆயிரக்கணக்கான முட்டிகளை அப்படி ஒழுங்காக எழுதிவைத்தவள் அவள்.

கோவிந்தராஜைக் கட்டிக்கொண்டு அந்தமானுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவனுக்குத் துறைமுகத்தில் வேலை, வீடு பாம்பூஃப்ளாட்டில். தினமும் காலையில் ஃபெர்ரி ஏறி சாத்தாமில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, ஊரை விட்டுத் தெற்கே போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்கு அவள் வேலைக்குப் போய்வந்தாள். ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை அது. மூன்று டாக்டர்கள், ஐந்து நர்ஸ்கள், பன்னிரண்டு படுக்கை. பதிவேட்டுப் பிரிவு என்பது வைஜெயந்தி ஒருத்திதான்.

போன வருஷம் அங்கே கம்ப்யூட்டரில் புது முறை வந்தது. காயம் என்று வந்த ஒவ்வொருவருக்கும் என்ன காயம், எப்படிப் பட்டது, எங்கே பட்டது என்ற மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். எங்கே என்ற கட்டத்துக்கு ஒற்றை எண் போதும். வீடு என்றால் பூஜ்யம், தெரு என்றால் நாலு, வயல் தோட்டம் என்றால் ஏழு, தெரியவில்லை என்றால் ஒன்பது. ஒன்பதைப் போட்டால் அந்தப் பெயர் சிவப்பாகி, பாக்கிப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்டரைக் கேட்டோ நோயாளிக்குப் போன் போட்டோ பதிலைத் தெரிந்துகொண்டால்தான் சிவப்பு போகும். எந்த டாக்டருக்கும் அதற்கு நேரமில்லை. "மேடம், முட்டியில சிராய்ப்பு. கழுவிக் கட்டுப் போட்டாச்சு. எங்க விழுந்தா என்ன?" என்பார்கள். மாதக் கடைசியில் நிர்வாகி ஸ்ரீதர் வந்து நின்று, "பாக்கி எத்தனை?" என்று கேட்பார்.

முதலில் ஒரு மாதம் வைஜெயந்தி பட்டியலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். இரண்டாம் மாதம், சின்னக் காயங்களுக்கு மட்டும் பூஜ்யத்தைப் போட்டாள். வீட்டில் விழுவதுதானே உலகத்தில் அதிகம்? யாருக்கு என்ன நஷ்டம்? மூன்றாம் மாதம் பாக்கி ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஸ்ரீதர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அதற்குப்பின் அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பொன்னம்மா அந்த மருத்துவமனை வாசலில் காய்கறி விற்கிறவள். பரமக்குடிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவள். சிப்பிகாட்டில் அவர்களுக்கு இருந்த நிலத்தில் பாதியைச் சுனாமியில் கடல் எடுத்துக்கொண்டது, எடுத்தது எடுத்ததுதான். மீதியில் கொஞ்சம் நெல், கொஞ்சம் கத்தரி, மிளகாய், கீரை. வாரத்தில் நாலு நாள் காலை பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கிப் பத்து மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டுப் போய்விடுவாள். வாய் ஓயாது. வங்காளியிடம், தெலுங்கரிடம், மலையாளியிடம் எல்லாரிடமும் அவளுக்கென்று ஓர் இந்தி இருந்தது. "லேலோ பாய், தாஜா ஹை, இப்பத்தான் பறிச்சது" என்று இரண்டையும் கலந்து அடிப்பாள். வைஜெயந்திக்கென்று தனியாக ஒரு கட்டு அரைக்கீரை, வரும் நாளெல்லாம் கூடைக்கு அடியில் ஈரத்துணியில் சுற்றி இருக்கும்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் மாலை நாலு மணிக்குப் பொன்னம்மா கூடையில்லாமல் வந்தாள். வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். நர்ஸ் மீனா காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, சீட்டை எழுதினாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு பொன்னம்மா வைஜெயந்தியின் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, முட்டியில?"

"அத ஏன் கேக்குற ஜெயந்தி. வரப்பு பூரா எலி தோண்டிப் போட்டுருக்கு. நெல்லுக்குள்ள மாடு எறங்கிருச்சேன்னு ஓடுறேன், வரப்புல கால வச்சதும் பொதக்குன்னு உள்ள போயிருச்சு. உள்ள ஒரு சிமிட்டிக் கட்டை கெடந்துருக்கு, அதுல போயி முட்டி தேஞ்சு, தோலு பூரா வழண்டுருச்சு."

"அச்சச்சோ" என்றாள் வைஜெயந்தி. கண் திரையில் இருந்தது. மாதக் கணக்கை அன்று முடித்தாக வேண்டும். இன்னும் பத்துச் சீட்டு கிடந்தது. நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் ஐந்தே கால் ஃபெர்ரி போய்விடும்.

"எந்திரிக்கவே முடியல பாத்துக்க. அந்தச் சேத்துத் தண்ணிக்குள்ளயே உக்காந்துகெடந்தேன், ஒரு மணி நேரம். இவரு பஜாருக்குப் போயிருந்தாரு. கத்துறேன், கத்துறேன், ஒருத்தனுக்கும் கேக்கல. அப்புறம் அந்தப் பக்கம் போன பெங்காலிப் பையன்தான் தூக்கிவிட்டான்."

"ம்ம்."

மீனாவின் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: வலது முட்டி, சிராய்ப்பு, மண் இருந்தது, கழுவியது, டி.டி. ஊசி, கட்டு. எப்படி, எங்கே என்று எதுவும் இல்லை. வைஜெயந்தி காயத்துக்கு உரிய குறியீட்டைப் போட்டாள். வழுக்கியோ இடறியோ விழுந்தது என்பதற்கு உரியதையும் போட்டாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் தானாகப் பூஜ்யத்துக்குப் போயிற்று. எதிரில் உட்கார்ந்து வயலையும் வரப்பையும் சேற்றையும் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கையில்தான் அது நடந்தது.

பொன்னம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் தட்டுவது அவளுக்கு எப்போதும் ஆச்சரியம்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா. நீங்க கெளம்புங்க. நாலு நாள் தண்ணி படாம பாத்துக்கோங்க."

"தண்ணி படாமயா? வயக்காரிகிட்டப் போயி!" என்று சிரித்துக்கொண்டே அவள் எழுந்துபோனாள். வைஜெயந்தி ஐந்தே கால் ஃபெர்ரியைப் பிடித்துவிட்டாள்.

நாலு நாள் கழித்துப் பொன்னம்மா வழக்கம்போல வாசலில் உட்கார்ந்திருந்தாள். முட்டி பொருக்குத் தட்டியிருந்தது. சேலையை ஒதுக்கிக் காட்டினாள்.

ஒன்பதாவது நாள் வைஜெயந்தி லீவு. நாத்தனார் அலமு சென்னையிலிருந்து கப்பலில் வந்தாள். அவளை அழைத்துவர வைஜெயந்தி ஹாடோ துறைமுகத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் பொன்னம்மா காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தாள். தலைவலி, உடம்பெல்லாம் வலி, ஆடுசதையைத் தொடவிடாத நோவு, கண் சிவப்பு. பார்த்தவர் டாக்டர் அருண்பிரசாத். முப்பது வயது, நல்ல பையன், அன்றைக்கு அவர் முன்னால் அறுபது பேர். ஊரில் டெங்கு நடமாட்டம் இருந்தது. அதற்குச் சோதனை செய்தார். இல்லை என்று வந்தது. திரையைத் திறந்து பழைய வருகையைப் பார்த்தார். வலது முட்டிச் சிராய்ப்பு, வீட்டில் விழுந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு நாளில் குறையாவிட்டால் வரச் சொன்னார்.

குறையவில்லை. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றது. மகள் உதயா ஆட்டோ பிடித்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் முதல் கேள்வியாக, "வயலில் வேலையா? காயம் ஏதும் பட்டதா?" என்றுதான் கேட்டாராம். அப்போது பதில் சொல்லும் நிலையில் பொன்னம்மா இல்லை. உதயா சொன்னாள். எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் காயத்தில் பட்டு வரும் எலிக்காய்ச்சல் என்று, அப்போதே மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆனால் நுரையீரலில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பொன்னம்மா இறந்துபோனாள்.

மீனாதான் வந்து சொன்னாள். கேட்டதும் வைஜெயந்தி அழவில்லை. மீனா சொன்ன நோயின் பெயர் காதில் விழுந்த நிமிஷமே, வரப்பு பூரா எலி தோண்டிப் போட்டுருக்கு என்ற குரல் கேட்டது. திரையில் பொன்னம்மாவின் பெயரைத் தேடி எடுத்தாள். தேடாமலே தெரியும் என்ன இருக்கும் என்று. ஆனாலும் பார்க்க வேண்டியிருந்தது. இடம்: வீடு. பதிவு செய்தவர்: வைஜெயந்தி. நேரம்: நாலு மணி முப்பத்தொன்று.

ஒன்பது என்று போட்டிருந்தாலே போதும் என்று அவளுக்குப் பட்டது. தெரியாது என்று ஒத்துக்கொண்டிருந்தால்கூட அந்தப் பெயர் சிவப்பாகக் கிடந்திருக்கும். மறுபடி வந்த அன்று அருண்பிரசாத்தின் கண்ணில் பட்டிருக்கும். எங்கம்மா விழுந்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பொன்னம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதுமே, நூறு வார்த்தை வருமே. கேட்கவே தேவையில்லை என்று அவரிடம் சொன்னது அந்தப் பூஜ்யம்தான்.

சனிக்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து போன் வந்தது. எலிக்காய்ச்சல் சாவு என்றால் பழைய வருகைகளின் பதிவு எல்லாம் வேண்டும், திங்கட்கிழமை ஆள் வருவார் என்றார்கள். ஸ்ரீதர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அருண்பிரசாத்தும் அங்கே இருந்தார், முகம் வெளுத்துப்போய்.

"நான் திரையில பாத்தேன் மேடம். வீட்டுல விழுந்ததுன்னு இருந்துச்சு" என்றார் அருண்பிரசாத். "அதோட விட்டுட்டேன். அந்தம்மா வாசல்ல காய் விக்கிறவங்கன்னு எனக்குத் தெரியும். எங்கேருந்து அந்தக் காய் வருதுன்னு யோசிச்சிருக்கணும்."

"டாக்டர், நீங்க சும்மா இருங்க" என்றார் ஸ்ரீதர். "யார் மேலயும் தப்பில்ல. நர்ஸ் சீட்டுல இடம் எழுதல. மேடம் பொதுவா ஒண்ணு போட்டுருக்காங்க. இப்ப மேடம், அதை ஏழுன்னு மாத்திருங்க. அதாவது, டைப்பிங் மிஸ்டேக். திங்கக்கிழமை வர்றவர் பிரிண்ட்தான் கேப்பார். அவ்வளவுதான், முடிஞ்சுது."

அவர் சொன்ன மாதிரி மாற்றுவது சுலபம். அதுதான் உண்மையும்கூட, பொன்னம்மா விழுந்தது வயலில்தான். பிறகு அவளுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது.

"அப்படி மாத்தினா, வயல்ல விழுந்ததுன்னு திரையில இருந்தும் டாக்டர் கவனிக்கலைன்னு ஆயிடும் சார்."

அருண்பிரசாத் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யார் அவ்வளவு தூரம் பாக்கப்போறாங்க?" என்றார் ஸ்ரீதர்.

"அந்தக்கா எங்கிட்ட சொன்னாங்க சார். எதுத்தாப்புல உக்காந்து சொன்னாங்க. எலி, சேறு, ஒரு மணி நேரம் தண்ணிக்குள்ள இருந்தது, எல்லாம். நான் காதுல வாங்கிக்கிட்டே வீடுன்னு போட்டேன். டைப்பிங் மிஸ்டேக் இல்ல. போன வருஷத்துலேருந்து நான் சின்னக் காயம் எல்லாத்துக்கும் அப்படித்தான் போட்டுட்டு வர்றேன். நீங்க பாக்கி கேப்பீங்கன்னு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது. ஸ்ரீதர் முகம் சுருங்கியது. அவர் கெட்டவர் இல்லை. வடக்கே திக்லிபூரில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு இங்கே தனி அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இந்த வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர். "உங்க இஷ்டம் மேடம்" என்றார். "ஆனா எழுதிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் எழுதினாள். பழைய பதிவைத் தொடாமல், அன்றைய தேதியிட்டு, அதன் கீழே சேர்த்தாள். நோயாளி என்னிடம் இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இப்படி விழுந்ததாக வாய்விட்டுச் சொன்னார், நான் அதைப் பதியாமல் தவறாக வீடு என்று போட்டேன், டாக்டர் அடுத்த வருகையில் பார்த்தது அந்தத் தவறான பதிவைத்தான் என்று. ஆறு வரிதான். எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. பொன்னம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது ஞாபகம் வந்தது. வரப்பு, சிமெண்டுக் கட்டை, பெங்காலிப் பையன். காதில் விழாமல் போனது ஒன்றுகூட இல்லை.

பிறகு, போன வருஷத்திலிருந்து முட்டியில் அடிபட்டு வந்தவர்களின் பெயர்களைத் திரையில் வரிசையாக எடுத்தாள். இருநூற்றுப் பதினேழு பேர். அதில் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வீட்டில் விழுந்தவர்கள். கப்பலில் மூட்டை தூக்குகிறவர், தார்ச்சாலை போடுகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாரும் அவள் கணக்கில் அவரவர் வீட்டில் விழுந்திருந்தார்கள். முட்டி என்றில்லாமல் எந்தக் காயத்துக்கும் சிப்பிகாட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் கடந்த ஒரு மாதத்தில் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பாம்பூஃப்ளாட் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அவர்களுக்குப் போன் போட்டாள். எங்கே விழுந்தீங்க, தண்ணிக்குள்ள நின்னீங்களா, காய்ச்சல் இருக்கா?

"இப்ப எதுக்கும்மா கேக்கறீங்க?" என்றார்கள் பலர். சிலர் போனை வைத்துவிட்டார்கள். உள்ளே அலமுவும் கோவிந்தராஜும் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள்.

முப்பத்தொரு பேரில் அப்துல் ஹாதி என்று ஒருவர், பாக்குத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், முந்தின நாளிலிருந்து காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் மனைவியிடம் வைஜெயந்தி கெஞ்சாத குறையாகச் சொல்லி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வைத்தாள். அவருக்கும் அதே காய்ச்சல்தான். பதினோரு நாளில் வீடு திரும்பினார். திங்கட்கிழமை வந்த சுகாதாரத் துறைக்காரர் அவள் எழுதிய ஆறு வரியைப் படித்துவிட்டு, அந்த முப்பத்தொரு பேர் பட்டியலையும் வாங்கிக்கொண்டு போனார். சிப்பிகாட்டில் வீடுவீடாக மாத்திரை கொடுத்தார்கள். அறக்கட்டளை அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தது. பதிவேட்டிலிருந்து எடுத்து, வாசலில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தது. அவள் இடத்துக்கு ஆள் வரும்வரை மீனாவே அதையும் பார்த்தாள். அப்துல் ஹாதி பிழைத்ததைச் சொல்லி மீனா ஆறுதல் சொன்னாள். வைஜெயந்திக்கு அது ஆறுதலாக இல்லை. ஒரு போனில் முடிகிற காரியமாக இருந்திருக்கிறதே என்ற நினைப்புத்தான் அதிலிருந்து கிடைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை அவள் சிப்பிகாட்டுக்குப் போனாள். கோவிந்தராஜ் வேண்டாம் என்றான். "எழுத வேண்டியதை எழுதிட்டே. போயி எதுக்கு அவங்களை வேற கிளறணும்?"

"எழுதினது ஆபீசுக்கு. அவங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையே" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றுப் பாதையில் விசாரித்து விசாரித்துப் போனாள். தகரக் கூரை வீடு. ஒரு பக்கம் சுனாமியில் கடல் ஏறித் தேங்கிய நீர், பட்டுப்போன தென்னைகள். இன்னொரு பக்கம் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆளில்லாமல். ஈஸ்வரன் வாசலில் நைலான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான மனிதர். உதயா உள்ளேயிருந்து வந்தாள். அபர்தீன் பஜாரில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண். வைஜெயந்தியை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"வாங்கக்கா. அம்மாவுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்."

அந்த நாற்காலியில் வைஜெயந்தியால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்காமல், தன் பக்கம் எதையும் சேர்க்காமல், அன்று பொன்னம்மா என்ன சொன்னாள், தான் என்ன போட்டாள், டாக்டர் என்ன பார்த்தார் என்று வரிசையாகச் சொன்னாள். மாதக் கடைசி, ஃபெர்ரி என்றெல்லாம் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஈஸ்வரன் நெல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க அதச் சரியா எழுதிருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

"தெரியலண்ணே. நிச்சயமா சொல்ல முடியாது. மூணு நாள் முன்னாடி மருந்து ஆரம்பிச்சிருந்தா பொழைச்சிருக்கலாம்."

"பொழைச்சிருக்கலாம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு தரம் உதறிப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் வீட்டைச் சுற்றிப் பின்னால் போய்விட்டார். அங்கே மாடு கத்தியது. அதனிடம் அவர் ஏதோ பேசுவது கேட்டது.

உதயா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் கோபப்படுவாள், கத்துவாள் என்று வைஜெயந்தி எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"காய்ச்சல்னு உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தது நாந்தான்க்கா" என்றாள் உதயா. "கியூவுல நிக்கும்போது அம்மாகிட்ட சொன்னேன், வயல்ல விழுந்ததையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லும்மான்னு. அதுக்கு அம்மா சொல்லிச்சு, அதெல்லாம் ஜெயந்தி அன்னைக்கே எழுதிருச்சு, டாக்டரு கம்ப்யூட்டர்ல பாத்துக்குவாரு, அவரு நேரத்த ஏன் வீணாக்கணும்னு. டாக்டரும் கம்ப்யூட்டரைப் பாத்தாரு. பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு. நாங்க சரின்னு நெனச்சுக்கிட்டோம்."

வைஜெயந்திக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாத்தையும் எழுதிட்டியா என்று கேட்டவளுக்குத் தான் சொன்ன பதிலை அவள் மறந்தே போயிருந்தாள். ஆறு வரியில் அதை எழுதவில்லை. பொன்னம்மா மறக்கவில்லை. அந்தப் பதிலை நம்பித்தான் டாக்டர் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாழ்நாளில் வாய் மூடாதவள்.

உதயா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வைஜெயந்தி குடித்தாள்.

"இந்த நெல்லு அறுக்கணும்" என்று உதயா வேறு ஏதோ பேசுகிறவளைப் போலச் சொன்னாள். "அப்பா தண்ணிக்குள்ள எறங்க மாட்டேங்குறாரு. என்னையும் எறங்க விடமாட்டேங்குறாரு. பூட்ஸு குடுத்துருக்காங்க, மாத்திரை குடுத்துருக்காங்க. ஆனா பயம். அம்மா போட்ட நெல்லு அப்படியே நின்னு உதிருது."

"நான் ஆள் பாத்து அனுப்பட்டுமா?"

"வேணாம்க்கா." உடனே சொன்னாள். குரல் கடுமையாக இல்லை, ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல் இருந்தது. "நீங்க இங்க வந்து சொன்னது நல்லதுதான். சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. ஆனா இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா அப்பாவுக்கு அதுவே ஞாபகமா இருக்கும். எனக்கும்தான்."

"சரிம்மா" என்றாள் வைஜெயந்தி.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவளிடம் குடை இல்லை. ரோட்டுக்கு வந்து ஒரு மரத்தடியில் நின்றாள். முதல் பஸ் கையைக் காட்டியும் நிற்காமல் சேற்றை அடித்துவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பாதையில் உதயா ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வந்தாள். பக்கத்தில் வந்து நின்று, குடையைப் பாதி அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த பஸ் வளைவில் தெரிந்ததும் உதயா ரோட்டின் நடுவுக்கே போய்க் கையை நீட்டி, "பையா, ரோக்கோ ரோக்கோ! இதர் ஏக் சவாரி ஹை!" என்று அடித்தொண்டையில் கத்தி நிறுத்தினாள்.

வைஜெயந்தி ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஜன்னல் வழியே பார்த்தபோது, உதயா அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். பாதையில் தேங்கிய தண்ணீர் வந்த இடங்களில் மட்டும் நின்று, சுற்றி, கரையோரமாகக் காலெடுத்து வைத்து மெதுவாகப் போனாள்.